முந்திரிக் கொட்டையும் சுதந்திரமும்

பண்ருட்டிக்குப் போகிறவர்கள் பலாப்பழத்தை நினைத்துக்கொண்டு போவது வழக்கம். நானும் அப்படித்தான் போனேன். சித்திரை மாதம். கடைவீதியில் கால் வைத்ததுமே பலாவின் மணம் ஆளைப் பிடித்து நிறுத்தியது. மலைமலையாய்க் குவித்திருந்தார்கள். பழத்தைத் தட்டிப் பார்த்து, காதருகே வைத்து, ஏதோ ரகசியம் கேட்பவர்போல் தலையை ஆட்டி விலை சொல்லும் வியாபாரிகளை எத்தனை நேரம் வேண்டுமானாலும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் என்னை அழைத்துப்போன நண்பர் வேடிக்கை பார்க்க விடவில்லை. "பலாவை எப்போதும் பார்க்கலாம். வாருங்கள், முந்திரிக் கொட்டகையைக் காட்டுகிறேன்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

நீளமான கொட்டகை. ஓட்டுக் கூரை. உள்ளே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியின் முன்னாலும் ஒரு சிறு யந்திரம். காலால் மிதித்து, கையால் இழுத்து, கொட்டையை இரண்டாகப் பிளந்து, பருப்பு உடையாமல் எடுத்து ஒரு தட்டில் போடுகிறார்கள். பேச்சும் சிரிப்பும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் உண்டு. அது பட்டால் தோல் வெந்துவிடும். அதற்காக அவர்கள் விரல்களில் சாம்பலைப் பூசிக்கொண்டிருந்தார்கள். அப்படியும் விரல் நுனிகள் கறுத்துத்தான் போயிருந்தன. நாம் பாயசத்தில் மிதக்கவிடும் அந்த வெள்ளைப் பருப்புக்குப் பின்னால் இத்தனை கறுத்த விரல்கள் இருக்கின்றன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மூலையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. சாக்கின்மேல் ஏதோ அந்நிய எழுத்து.

"இது எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்டேன்.

"ஆப்பிரிக்கா. நம் காட்டில் விளைவது நமக்குப் போதாது. கப்பலில்தான் வருகிறது" என்றார் நண்பர்.

பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் கையை நிறுத்தாமலே தலை நிமிர்ந்தாள். ஐம்பது வயது இருக்கும்.

"ஏன் சார், விளைய வைக்கத் தெரிஞ்ச அந்த ஊரு ஜனங்களுக்கு உடைக்கத் தெரியாதா? எதுக்கு இவ்ளோ தூரம் கப்பல்ல ஏத்தி அனுப்புறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகும் அது என்னை விடவில்லை. ஒரு கண்டத்தின் சரித்திரம் முழுவதையும் அந்த அம்மாள் ஒரு கொட்டைக்குள் அடைத்து என் கையில் கொடுத்துவிட்டாள்!

முந்திரி நம் மரமுமல்ல, ஆப்பிரிக்காவின் மரமுமல்ல. அது பிரேஸிலில் பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதைக் கப்பலேற்றிக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் நட்டார்கள். ஒரே எஜமானன் இரண்டு கரையிலும் நட்ட மரம். பிறகு வந்த காலத்தில் மொஸாம்பிக்கிலும் டாங்கனீக்காவிலும் விளைந்த கொட்டை, பச்சையாகவே கப்பலேறி, கொல்லத்துக் கரையில் இறங்கி, நம் பெண்களின் கையால் உடைபட்டு, மேல்நாட்டு மேஜைகளுக்குப் போயிற்று. ஒருவன் விளைவிப்பான், இன்னொருவன் உடைப்பான், மூன்றாமவன் தின்பான். விலை சொல்பவன் அந்த மூன்றாமவன்தான். ஏகாதிபத்தியம் என்று பெரிய புத்தகங்களில் எழுதியிருப்பது இவ்வளவுதான். பருத்தியானாலும் சரி, கோக்கோ ஆனாலும் சரி, செம்பு ஆனாலும் சரி, கணக்கு ஒன்றே.

இந்தக் கணக்கை மாற்றி எழுதவே அந்த நாட்டு ஜனங்கள் எழுந்தார்கள். அவர்கள் எழுந்த விதத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. காந்தியடிகள் சத்தியாக்கிரகம் என்ற ஆயுதத்தை வடித்தது தென்னாப்பிரிக்காவில். அதை முதலில் ஏந்தியவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறையில் நோயுற்று, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தாள். அப்போது அவளுக்கு வயது பதினாறு. ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த அந்த ஆயுதம் இந்தியாவுக்கு வந்தது; இந்தியா விடுதலை பெற்ற பிறகு மறுபடியும் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. கோல்டு கோஸ்ட் என்று வெள்ளையர் பெயரிட்டிருந்த நாட்டில் க்வாமே நக்ருமா 1950 ஜனவரியில் வேலைநிறுத்தமும் ஒத்துழையாமையும் தொடங்கியபோது, காந்தியின் வழியையே தம் வழியாகக் கொண்டார். அவரைச் சிறையில் போட்டார்கள். 1951 தேர்தலில் சிறைக்குள் இருந்தபடியே வெற்றி பெற்றார். கைதியாக இருந்தவரைக் கவர்னர் கூப்பிட்டு அரசாங்கம் அமைக்கச் சொன்னார். 1957 மார்ச் 6-ஆம் தேதி நள்ளிரவில் அக்ராவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது, கானா பிறந்தது. ஆப்பிரிக்கா முழுவதும் விடுதலை பெறாதவரை எங்கள் விடுதலைக்கு அர்த்தமில்லை என்று அன்றிரவு அவர் முழங்கினார். மூன்றே ஆண்டுகளில், 1960-இல் மட்டும், பதினேழு ஆப்பிரிக்க நாடுகள் சுதந்திரக் கொடி ஏற்றின.

இப்போது பண்ருட்டிக்குத் திரும்புவோம். கானாவில் கொடி ஏறிய அதே 1957-ஆம் ஆண்டு, மே மாதம் 20-ஆம் தேதி, பண்ருட்டிக்குத் தெற்கே நெய்வேலியில் ஒரு விழா. பிரதம மந்திரி நேரு வந்து சுரங்கம் தோண்டும் வேலையைத் தொடங்கி வைத்தார். இரண்டு விழாவும் ஒரே கனவின் இரண்டு பகுதிகள் என்று நான் நினைக்கிறேன். கொடி ஏற்றுவது முதல் பகுதி. அடுப்பை மூட்டுவது இரண்டாம் பகுதி. முதல் பகுதிக்கு வீரம் போதும். இரண்டாவதற்கு வீரத்தோடு பொறுமையும் கணக்கும் வேண்டும்.

சென்னை ராஜ்யத்தில் அந்நாளில் நிலக்கரி கிடையாது. ரயில் ஓட, ஆலை ஓட, எல்லாவற்றுக்கும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கரி வரவேண்டும். ஆனால் நம் காலடியிலேயே கரி கிடந்தது! 1880-களிலேயே புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பக்கம் ஊற்றுக் கிணறு தோண்டியபோது இந்தப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது எரிந்தது. அவர் அதை விடாமல் அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார். பின்னாளில் 600 ஏக்கருக்கு மேல் நிலமும் கொடுத்தார். ஆனாலும் அந்நிய ஆட்சியில் அந்தக் கரி மண்ணுக்குள்ளேயே தூங்கிற்று. நாடு நம்முடையதான பிறகுதான் அதை எழுப்ப ஆள் வந்தது. எச். கே. கோஷ் என்ற சுரங்க நிபுணர் ஊர் ஊராகத் துளை போட்டுப் பார்த்து, இங்கே இருப்பது கைப்பிடிக் கரியல்ல, கோடிக்கணக்கான டன் என்று கணக்குச் சொன்னார். முதல் மந்திரி காமராஜர் டில்லியில் வாதாடினார். 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று.

வேலை எளிதாக இருக்கவில்லை. கரிக்கு மேலே கடினமான மண்ணும் பாறையும். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர யந்திரங்களின் பற்கள்கூட அதில் தேய்ந்தன. கரிக்குக் கீழேயோ, எந்த நேரமும் பீறிட்டுக் கிளம்பக் காத்திருக்கும் நீரூற்று. சுரங்கத்தைச் சுற்றி இரவும் பகலும் பம்புகள் ஓடித் தண்ணீரை இறைத்தால்தான் கரியை எடுக்கலாம். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர். முடியாத காரியம் என்று கைவிரித்தவர்கள் உண்டு. நான்கு ஆண்டுகள் மண்ணை மட்டுமே வெட்டினார்கள். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் ரஷ்ய உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் முதல் மின்சாரம் பிறந்தது. தென் ஆற்காடு ஜில்லாவின் செம்மண் காடுகளுக்கு நடுவே வீதி வீதியாக ஒரு நகரம் எழுந்தது. ஆப்பிரிக்காவின் புதிய தலைவர்கள் எதைக் கனவு கண்டார்களோ, அது இங்கே கண்முன் நடந்துகொண்டிருந்தது.

நக்ருமாவின் கனவுக்குப் பெயர் வோல்ட்டா. அந்த நதியை அகோசொம்போ என்ற இடத்தில் மறித்து, மின்சாரம் எடுத்து, நாட்டையே ஆலை நாடாக ஆக்கிவிட வேண்டும் என்று அவர் துடித்தார். கடன் வேண்டும்; அமெரிக்க முதலாளிகள் வேண்டும். வந்தார்கள், நிபந்தனைகளோடு. மின்சாரத்தின் பெரும்பகுதி அவர்களுடைய அலுமினிய உருக்காலைக்கு மலிவு விலையில் போகவேண்டும் என்றார்கள். கானாவின் மண்ணிலேயே பாக்ஸைட் இருந்தது. ஆனால் அந்த ஆலைக்கு வேண்டிய அலுமினா கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிற்று! பழைய கணக்கு, புதிய எழுத்தில். அணை நீரில் 3,000 சதுர மைலுக்கு மேல் நிலம் மூழ்கியது. சுமார் 80,000 பேர் ஊரை விட்டுப் போனார்கள். 1966 ஜனவரியில் அணையைத் திறந்து வைத்தார் நக்ருமா. அடுத்த மாதம் 24-ஆம் தேதி, அவர் வெளிநாட்டில் இருந்தபோது, ராணுவம் அவரை ஆட்சியிலிருந்து இறக்கியது. தெருவில் ஜனங்கள் ஆடிப் பாடினார்கள்.

ஏன் ஆடினார்கள்? விடுதலை வாங்கிக் கொடுத்தவருக்கா இந்த மரியாதை? அதற்கும் காரணம் உண்டு. 1958-இலேயே விசாரணையின்றிச் சிறை வைக்கும் சட்டம் கொண்டுவந்தார் நக்ருமா. 1964-இல் ஒரே கட்சி ஆட்சி. பழைய தங்கச் சாம்ராஜ்யமான கானாவின் பெயரையே புதிய நாட்டுக்குச் சூட்டலாம் என்று சொன்னவர் டாங்குவா என்ற அறிஞர். அந்த டாங்குவா 1965-இல் கானாவின் சிறையிலேயே மாண்டார். குழந்தைக்குப் பெயர் வைத்தவரை அந்தக் குழந்தையின் வீட்டிலேயே பூட்டி வைத்த கதை! கோக்கோ விலையும் சரிந்தது. கொடியின் நிறம் மாறினாலும் கோக்கோவுக்கு விலை சொல்பவன் மாறவில்லை.

டான்ஸானியாவின் ஜூலியஸ் நியரேரேயை இந்த வரிசையில் வைக்க மனம் வரவில்லை. 'ஆசிரியர்' என்றே ஜனங்கள் அவரை அழைத்தார்கள். எளிமையானவர், தாமாகவே 1985-இல் பதவியை விட்டு இறங்கியவர். 1967-இல் அருஷா நகரிலிருந்து, சொந்தக் காலில் நிற்போம், கூட்டாக உழைப்போம் என்று நாட்டுக்குச் சொன்னார். பண்ருட்டி அம்மாளின் கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார்: நம் முந்திரியை நாமே ஏன் உடைக்கக் கூடாது? கடன் வாங்கி ஒரு டஜன் ஆலைகள் கட்டினார்கள். பெரிய பெரிய யந்திரங்கள். ஆனால் அதே காலத்தில், சிதறிக் கிடந்த குடிகளை ஒன்றாக்குகிறோம் என்று சொல்லி, லட்சக்கணக்கான விவசாயிகளைப் புதிய கிராமங்களுக்குக் குடியேற்றினார்கள். போகாதவர்களை வற்புறுத்தியும் அனுப்பினார்கள். மனிதன் வண்டியேறிப் போவான். முந்திரி மரம் போகுமா? மரம் ஓரிடம், மனிதன் ஓரிடம் ஆயிற்று. களையெடுக்க ஆளில்லை. நோயும் சேர்ந்துகொண்டது. 1973-74-இல் சுமார் 1,45,000 டன் விளைந்த நாட்டில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 20,000 டன்கூட விளையவில்லை. ஆலைகள் கொட்டையில்லாமல் வாய் பிளந்து நின்றன.

1975-இல் விடுதலை பெற்ற மொஸாம்பிக்கின் கதை வேறு விதம். அங்கே ஆலைகள் இருந்தன. உள்நாட்டுப் போர் வந்தது. போர் ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் உலக வங்கி வந்தது. பச்சைக் கொட்டை ஏற்றுமதிக்குத் தடை போடாதே, வரியைக் குறை, விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று சொல்லிற்று. 1990-களில் வரி குறைந்தது. கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. அங்கே ஆலைகள் மூடின. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலை இழந்தார்கள். அவர்கள் கையை விட்டுப் போன கொட்டை, நம் பெண்கள் கைக்கு வந்தது. இதை எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்குகிறது. நாம் திருடவில்லை, விலை கொடுத்தே வாங்கினோம். ஆனாலும் ஓர் ஏழையின் அடுப்பு அணைந்து இன்னோர் ஏழையின் அடுப்பு எரிந்தது என்பது உண்மைதானே?

இதையெல்லாம் படித்துவிட்டு, நாம் கெட்டிக்காரர்கள், அவர்களுக்குத்தான் நாடாளத் தெரியவில்லை என்று யாராவது மீசையை முறுக்கினால், அவர்களை நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்புக்கு அழைத்துக்கொண்டு போவேன். அங்கே நான் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எண்பதை நெருங்கும் வயது. சுரங்கம் தொடங்கியபோது சிறு பையனாம்.

"உங்கள் பழைய ஊர் எது, ஐயா?" என்று கேட்டேன்.

அவர் கைத்தடியைத் தூக்கிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் ஊருமில்லை, தரையுமில்லை. ஆழமான பள்ளத்துக்கு மேலே வெறும் ஆகாயம்.

"அதோ, அந்தப் பருந்து சுத்துது பாருங்க, அங்கதான் தம்பி எங்க வீடு இருந்துச்சு" என்றார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எம் பையன் இங்கதான் வேலை பார்த்து ரிடையர் ஆனான். பேத்தி இஞ்சினீயருக்குப் படிச்சா. குறை சொல்லல. ஆனா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க எடம் எதுன்னு கேட்டா, ஆகாசத்தைத்தான் காட்டணும்" என்று முடித்தார்.

இதைவிடச் சரியாக நாட்டு நிர்மாணத்தின் லாப நஷ்டத்தை எந்தப் பொருளாதார நிபுணரும் சொன்னதில்லை. வோல்ட்டாக் கரையில் நீருக்கடியிலும் டான்ஸானியாவில் புதருக்குள்ளும் போன வீடுகள், இங்கே ஆகாயத்தில் நிற்கின்றன. கணக்கு இன்னும் தீரவுமில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிரின்மேலேயே யந்திரங்கள் இறங்கின. நிலத்தை முன்பே எடுத்தாயிற்று என்றது நிறுவனம். பயிர் எங்கள் உழைப்பு என்றார்கள் விவசாயிகள். பயிரின் துயரையும் தம் துயராக உணர்ந்த வள்ளலாரின் வடலூர், அங்கிருந்து தூரமில்லை. அங்கே 1867-இல் அவர் மூட்டிய அன்னதான அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. நெய்வேலியில் ரஷ்யர் துணையோடு மூட்டிய முதல் மின் நிலையமோ, வளர்ந்து 600 மெகாவாட்டை எட்டி, உழைத்து ஓய்ந்து, 2020-இல் மூடப்பட்டது. எந்த அடுப்பு நெடுநாள் எரியும் என்பதற்கு, அதை யாருக்காக மூட்டினோம் என்பதுதான் விடையோ என்னவோ!

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. அக்ராவில் ஆட்சியை மாற்றத் துப்பாக்கி வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, 1967-இல், இதே தமிழ்நாட்டில் இருபது ஆண்டு ஆண்ட கட்சியை ஜனங்கள் ஓட்டுச் சீட்டால் இறக்கினார்கள். நெய்வேலிக்காக வாதாடிய காமராஜரே தேர்தலில் தோற்றார். ஆட்சியை மாற்ற யாரும் யாரையும் சுட வேண்டியிருக்கவில்லை. வளையமாதேவி விவசாயியால் தெருவில் நின்று சத்தம் போட முடிந்தது. கோர்ட்டுக்குப் போக முடிந்தது. அந்தச் சத்தம் போடும் உரிமைதான் சுதந்திரத்தின் பருப்பு. மற்றதெல்லாம் ஓடு. கானாவும் இதைப் பின்னால் கண்டுகொண்டது. 1992-இல் புதிய அரசியல் சட்டம் வகுத்து, அதன்பின் பல முறை ஓட்டாலேயே ஆட்சியை மாற்றியிருக்கிறது.

அந்த அம்மாளுக்குப் பதில் சொல்லாமலே ஊர் திரும்ப எனக்கு மனமில்லை. மறுநாள் மறுபடியும் அந்தக் கொட்டகைக்குப் போனேன். அவள் அதே இடத்தில், அதே வேகத்தில் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேற்று ஒரு கேள்வி கேட்டீர்களே அம்மா, அதற்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன்" என்றேன். "உடைக்கத் தெரியாமல் இல்லை. அவர்களை உடைக்க விடவில்லை. சில இடத்தில் அவர்களே அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டார்கள். இப்போது கற்றுக்கொள்கிறார்கள். உலகத்தில் விளையும் கொட்டையில் பாதிக்கு மேல் அந்தக் கண்டத்தில்தான் விளைகிறது. ஐவரி கோஸ்ட் என்ற நாட்டில் சர்க்காரே உதவி செய்து ஆலை வைக்கச் சொல்கிறது."

அவள் கை ஒரு நொடி நின்றது. முதல் தடவையாக நின்றது.

"அப்ப, எல்லாத்தையும் அவங்களே உடைச்சிட்டா, இங்க மூட்டை வராதா?"

இந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. பொய் சொல்லவும் தோன்றவில்லை. "குறையலாம்" என்றேன்.

அவள் யோசித்தாள். யந்திரத்தின் பிடியை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சிரட்டையிலிருந்து ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்து விரல்களில் தேய்த்துக்கொண்டாள்.

"அங்கேயும் பொம்பளைங்கதான் சார் உடைப்பாங்க?"

"ஆமாம், அம்மா."

"கையில சாம்பல் பூசிக்கச் சொல்லுங்க. புதுசா உடைக்கிறவங்களுக்குத் தெரியாது, தோல் உரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கொட்டையை உடைக்க ஆரம்பித்தாள்.